24,000 ரூபா போய்விட்டது: மழைக்கோட் துணியை ஒன்லைனில் வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வரும்போது என் கணவர் தொப்பலாக நனைந்துவிட்டார். நான் தைத்துக் கொடுத்த புது மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நனைந்தார். வாசலில் நின்று கழற்றியபோது சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செதில். ஒரு வார்த்தை பேசாமல் துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நோவாது.

24,000 ரூபா. நாலு மாதமாகச் சட்டை தைத்துச் சேர்த்த காசு.

நான் வீட்டில் தைக்கிறவள். பிளவுஸ், பள்ளிக்கூடச் சீருடை, பாவாடை தாவணி என்று பதினொரு வருடமாகத் தைக்கிறேன். இவர் தினமும் மோட்டார் சைக்கிளில் மூதூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். அண்ணா திருக்கடலூரில் இருந்து கடல் தொழிலுக்குப் போகிறவர். வாடை தொடங்கினால் இரண்டு பேருக்கும் ரெயின்கோட் இல்லாமல் முடியாது. கடையில் விற்கிற பிளாஸ்ரிக் கோட் அக்குளில் கிழிந்துவிடும். கிழியாவிட்டாலும் நம்முடைய ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே வியர்த்து, மழையில் நனைந்த மாதிரியே வந்து நிற்பார்கள். அதனால்தான் வெளித்தண்ணீரைத் தடுத்து உள் ஆவியை விடுகிற துணியை வாங்கி நானே தைப்பது என்று முடிவெடுத்தேன். யூடியூபில் பார்த்துப் பார்த்து, பழைய கோட் ஒன்றைப் பிரித்து, காகிதத்தில் வெட்டு அளவுகூட எடுத்து வைத்தேன்.

இங்கே திருகோணமலையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் குடைத்துணியும் படங்கும்தான் இருந்தன. அப்போதுதான் முகநூலில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணி விற்பதாகச் சொல்கிற பக்கம். பெயரை நான் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். துணியில் தண்ணீர் ஊற்ற, அது சேம்பிலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்படியும் நான் உடனே காசு போடவில்லை. வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டேன். அந்த ஆள் உடனே வொய்ஸ் அனுப்பினார். "அக்கா, சாதாரண ஊசி போடாதீங்கோ, மைக்ரோடெக்ஸ் 70 எண்ட மெல்லிய கூர் ஊசி போடுங்கோ. கொட்டன் நூல் வேண்டாம், அது தண்ணியை உறிஞ்சி உள்ளுக்கு இழுக்கும், பொலியெஸ்டர் நூல் எடுங்கோ. குண்டூசி குத்தாதீங்கோ, ஓட்டை விழுந்தால் மூடாது, கிளிப் போட்டுத் தையுங்கோ." இது எல்லாமே உண்மை. இன்றைக்கும் உண்மை. ஒரு தையல்காரிக்குத் தையல் தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது. அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். கடைசியில், "நானும் மெஷினில் இருந்து வந்தவன்தான் அக்கா, உங்களை ஏமாத்துவேனா?" என்றார். அந்த வொய்ஸை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

துணி 6 மீற்றர், மீற்றர் 2,800 ரூபா. தையலின் மேல் சூட்டில் ஒட்டுகிற சீம் டேப் 25 மீற்றர், மீற்றர் 180. தண்ணீர் புகாத சிப் நாலு, ஒன்று 550. பார்சல் கூலி 500. மொத்தம் 24,000 ரூபா. பொருள் வந்த பிறகு காசு கொடுக்கலாமா என்று கேட்டேன். "வெட்டித் தாற துணிக்கு அப்படிச் செய்யிறதில்லை அக்கா" என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு முழுக் காசையும் போட்டேன்.

பார்சல் பன்னிரண்டாம் நாள் வந்தது. மடிப்பில் லேசாகப் பிசுபிசுப்பு, ஒரு புளித்த பிளாஸ்ரிக் வாடை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வீடியோவில் போலவே உருண்டது. சரி என்று வெட்டினேன். தையலை 3 மில்லிமீற்றராக நீட்டி வைத்தேன், நெருக்கித் தைத்தால் துணி முத்திரை ஓரம் மாதிரி கிழியும் என்பதற்காக. நாலு இரவு இருந்து முதல் கோட்டை முடித்தேன். சீம் டேப்பை அயன் பண்ணும்போதே தோளில் ஒட்டவில்லை. மேலே துணி போட்டு மூன்று தரம் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் டேப்போடு சேர்ந்து உட்பூச்சும் பாலாடை மாதிரி எழும்பி வந்தது. என் கை பழகாததுதான் காரணம் என்று நினைத்து, ஒட்டினவரைக்கும் போதும் என்று விட்டேன். மறுநாள் அதைத்தான் இவர் போட்டுக்கொண்டு போனார்.

இரவே மீதித் துணியைத் தம்ளர் வாயில் ரப்பர் வளையம் போட்டுக் குழிவாகக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். முதலில் நின்றது. குழியின் அடியை விரலால் தேய்த்தவுடன் தம்ளருக்குள் சொட்டியது. வாயை வைத்து ஊதினேன், காற்று தாராளமாகப் போனது, அப்படிப் போகக் கூடாது. துணி தண்ணீரைத் தாங்கும் அளவு 10,000 மில்லிமீற்றர் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்க வேண்டும். என் துணி நாலு விரல் தண்ணீரைத் தாங்கவில்லை.

தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. தண்ணீர் உருளுவது மேல்பூச்சின் வேலை மட்டும். சாதாரணத் துணிக்கும் அதைத் தெளிக்கலாம், தோய்க்கத் தோய்க்கப் போய்விடும். இந்த மாதிரித் துணியில் மழையை உண்மையில் தடுப்பது உட்பக்கத்துப் பொலியூரிதேன் என்கிற பிளாஸ்ரிக் பூச்சு. ஈரமும் வெக்கையும் உள்ள இடத்தில் வருடக்கணக்காகக் கிடந்தால் அது தானாகவே சிதையும். முதலில் பிசுபிசுக்கும், புளித்த மாதிரி மணக்கும், பிறகு உரியும். எனக்கு வந்தது அப்படிச் செத்துப்போன துணி. ஊசி நம்பர் வரை தெரிந்த ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இன்று காலை படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதல் பதில்: "அயன் சூடு கூடிப்போச்சு அக்கா." டேப் படாத மீதித் துணியும் உரிகிறது என்று வீடியோ அனுப்பினேன். "வெட்டின துணி திருப்பி எடுக்கிறதில்லை." வெட்டாத 3 மீற்றரையாவது எடுங்கள் என்றேன். "ஸ்டோர் ஆளிட்டக் கேட்டுச் சொல்றன்." பிறகு அழைத்தால் எடுக்கவில்லை. பத்தரைக்கு அவருடைய படமும் காணாமல் போனது, என்னைத் தடுத்துவிட்டார். என் கணவருடைய போனில் இருந்து புது ஆள் மாதிரி விலை கேட்டோம். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அதே வீடியோ, "கொஞ்சம்தான் இருக்கு அண்ணா, கெதியா சொல்லுங்கோ."

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். 24,000 ரூபா திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

மழைக்கோட் தைப்பது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான்: தண்ணீர் உருளுகிற வீடியோவை நம்பவேண்டாம். முதலில் ஒரு சாண் துண்டு காசு கொடுத்தாவது எடுப்பியுங்கள், ஊதிப் பாருங்கள், தம்ளரில் கட்டித் தண்ணீர் ஊற்றிக் குழியைத் தேய்த்துப் பாருங்கள், டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். மடிப்புப் பிசுபிசுத்தால் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். தனி ஆளின் கணக்குக்கு முழுக் காசையும் போடாதீர்கள்.

அண்ணாவின் கோட்டை இன்னும் வெட்டவில்லை. கையில் எடுத்துப் பார்த்து நல்ல துணி வாங்கக்கூடிய இடம் இங்கேயோ கொழும்புப் புறக்கோட்டையிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.