14 வருஷ பழைய வேனுக்கு டீலர்கிட்ட ரீகால் வேலை செய்ய வச்ச அனுபவம், 2 வருஷம் கழிச்சு

எங்க வேனுக்கு இப்ப வயசு 16. நான் வாங்கும்போதே 8 வருஷம் ஓடின வண்டி, எனக்கு முன்னாடி ரெண்டு கை மாறி வந்தது. இஞ்சின் கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல, அதனால ரீகால்னு ஒண்ணு, அதாவது தயாரிப்புல குறை இருக்குன்னு கம்பெனியே வண்டிய கூப்பிட்டு இலவசமா சரி பண்ணித் தர்றது, இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் வரல. ரெண்டு வருஷம் முன்னாடி டயர் மாத்தப் போனப்ப அங்க வேல பாக்கற தம்பி, "அண்ணே இந்த மாடலுக்கு ஏர்பேக் ரீகால் வந்துச்சே, மாத்திட்டீங்களா"னு கேட்டான். அப்பதான் போய் பாத்தேன். ஒண்ணு இல்ல, மூணு பெண்டிங்ல இருந்துச்சு. முன்சீட்டு பேசஞ்சர் ஏர்பேக் இன்ஃபிளேட்டர் (ஏர்பேக்க ஊத வைக்கற டப்பா), ஸ்லைடிங் டோர் லாட்ச், அப்பறம் ஏபிஎஸ் யூனிட் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது). அதுல ஏர்பேக் ரீகால் வந்து பல வருஷம் ஆகியிருக்கு. இத்தன வருஷமும் அந்த சீட்டுலதான் எங்க அம்மா உக்காந்து வந்தாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல.

லெட்டர் ஏன் வரலன்னா, கம்பெனி ரீகால் லெட்டர் அனுப்பறது அவங்க ரெக்கார்ட்ல இருக்கற ஓனர் அட்ரஸுக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கு அது பாதி நேரம் வந்து சேராது, முதல் ஓனர் வீடு மாறிப் போயிருந்தா யாருக்குமே போகாது. அதனால லெட்டர் வரலையே, நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு தயவுசெஞ்சு இருக்காதீங்க.

செக் பண்றது ரொம்ப ஈஸி. சேஸிஸ் நம்பர், விஐஎன்னு சொல்லுவாங்களே, 17 எழுத்து, அத கம்பெனி வெப்சைட்ல போட்டா போதும், அமெரிக்கா மாதிரி நாட்டுல அரசாங்க சைட்லயும் பாக்கலாம். முன் கண்ணாடிக்கு கீழ டேஷ்போர்டு ஓரத்துல சின்ன தகடுல இருக்கும், இல்லன்னா டிரைவர் டோர திறந்தா பில்லர்ல ஸ்டிக்கர்ல இருக்கும். என் ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்துப் போயிருந்துச்சு, அதனால டேஷ்போர்டு தகடத்தான் கண்ணாடி மேல போன வச்சு போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாத்துதான் படிச்சேன். ஒரு விஷயம் தெரிஞ்சா குழப்பம் வராது, விஐஎன்ல ஐ, ஓ, க்யூ இந்த மூணு இங்கிலீஷ் எழுத்தும் வராது, 1, 0 இந்த நம்பருங்களோட குழம்பிடும்னே விட்டுட்டாங்க. அப்ப வட்டமா தெரியறது சைபர்தான். நான் எட்ட பி-னு படிச்சு ரெண்டு தடவ தப்பா அடிச்சேன், மூணாவது தடவதான் வந்துச்சு.

இப்ப டீலர் கதைக்கு வரேன். மொத டீலருக்கு போன் போட்டேன். மாடல் வருஷத்த சொன்ன உடனே, "சார் அது ரொம்ப பழைய வண்டி, வாரண்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்"னாங்க. வாரண்டி கேக்கல, ரீகால் கேக்கறேன்னு சொன்னா, "பார்ட்ஸ் வராது சார்"னு வச்சிட்டாங்க. ரெண்டாவது டீலர் வர சொன்னாங்க. காலைல எட்டு மணிக்கு வண்டிய விட்டேன், சாயங்காலம் போனா ரீகால் வேலய தொடவே இல்ல, அதுக்கு பதிலா ஒரு பெரிய லிஸ்ட் கைல குடுத்தாங்க, பிரேக் பேட், கூலன்ட் மாத்தறது, சஸ்பென்ஷன் புஷ், இஞ்சின் மவுன்ட்டு. ரீகால் என்னாச்சுன்னு கேட்டா மொதல்ல டயக்னாசிஸ் சார்ஜ் கட்டணும், அப்பறம்தான் சொல்ல முடியும்னாங்க. ரீகாலுக்கு டயக்னாசிஸ் சார்ஜ் கிடையாது, வண்டில கோளாறு தெரியணும்னு அவசியம் இல்ல, அந்த விஐஎன் லிஸ்ட்ல இருந்தா ரீகால் வேலய செஞ்சு தரணும் அவ்ளோதான். இத நான் பொறுமையா சொன்னேன், அவங்க கேக்கல, சாவிய வாங்கிட்டு வந்துட்டேன். (அந்த லிஸ்ட எங்க மெக்கானிக்கிட்ட காட்டினேன், பிரேக் பேட் பாதிக்கு மேல இருக்கு, மவுன்ட்ல ஒண்ணும் இல்லன்னார்.)

டீலர் ஏன் இப்படி பண்றாங்கன்னு யோசிச்சா அவங்க பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. ரீகால் வேலைக்கு கம்பெனி டீலருக்கு காசு குடுக்கும், ஆனா இவ்ளோ நேரத்துக்கு இவ்ளோன்னு முன்னாடியே கட்டின ரேட். புது வண்டில அந்த நேரத்துல முடிஞ்சிடும். பழைய வண்டில போல்ட் துருப்பிடிச்சிருக்கும், பிளாஸ்டிக் கிளிப் தொட்டாலே ஒடையும், ஒரு மணி நேர வேல மூணு மணி நேரமா இழுக்கும், கூடுதல் நேரத்துக்கு சுலபமா காசு வராது. பார்ட்டையும் யாரும் ஸ்டாக் வைக்க மாட்டாங்க, தனியா ஆர்டர் போட்டுதான் வரணும். அதனால பழைய வண்டிக்காரர் வந்தாலே தட்டிக் கழிக்கத்தான் பாப்பாங்க. புரியுது. ஆனா நான் ஏத்துக்கல.

ஏன்னா இந்த விஷயத்துல வண்டி பழசா இருக்கறதுதான் ஆபத்தே. டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் கேஸ் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல இன்ஃபிளேட்டர்ல போட்டிருந்தது அம்மோனியம் நைட்ரேட், பெரும்பாலானதுல ஈரத்த உறிஞ்சற பொருள் சேர்க்கல. வருஷக்கணக்கா வெயில்ல சூடாகி ராத்திரில ஆறி, காத்துல இருக்கற ஈரமும் சேர்ந்து அந்த வெடிமருந்து கெட்டுப் போச்சு. கெட்டுப் போன மருந்து, விபத்து நடக்கும்போது எரிய வேண்டியதவிட வேகமா எரிஞ்சு, அந்த இரும்புக் கூடே வெடிச்சு துண்டு துண்டா முகத்துலயும் கழுத்துலயும் பாயுது. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃபிளேட்டர ரீகால் பண்ணாங்க, அங்க மட்டும் 25 பேருக்கு மேல செத்திருக்காங்க, கம்பெனி 2017ல திவால் ஆச்சு. புதுசுல ஒழுங்கா வேல செஞ்சிருக்கக்கூடிய அதே ஏர்பேக் பல வருஷம் கழிச்சு ஆளக் கொல்லுது. அப்ப 14 வருஷ வண்டிக்காரன் வந்து கேட்டா அவனதான மொதல்ல உள்ள கூப்பிடணும்?

சட்டம் நாட்டுக்கு நாடு வேற வேற, அத தெரிஞ்சு வச்சுக்கங்க. அமெரிக்காவுல, முதல் ஆள் வண்டி வாங்கி 15 வருஷத்துக்குள்ள ரீகால் அறிவிச்சிருந்தா இலவசமா செஞ்சு தரணும், முன்னாடி 10 வருஷமா இருந்தத 2015ல வந்த சட்டத்துல 15 ஆக்கினாங்க. இங்க முக்கியம் என்னன்னா கணக்கு நீங்க வண்டிய கொண்டு போற தேதிக்கு இல்ல, ரீகால் அறிவிச்ச தேதிக்கு. இந்தியாவுல 2019ல மோட்டார் வாகன சட்டத்துல ரீகால சேத்து, 2021 ஏப்ரல் 1ல இருந்து விதி அமலுக்கு வந்துச்சு, அதுல 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டின்னு இருக்கு. அதுக்கு மேல ஓடின வண்டின்னாலும் கேக்காம விடாதீங்க, கம்பெனி தானா அறிவிச்ச ரீகால் லிஸ்ட்ல உங்க நம்பர் இருந்தா கேக்க ஒரு புடி கிடைக்குது.

எனக்கு வேலைக்கு ஆனது மூணு விஷயம். மொதல்ல ரீகால் நம்பர். அரசாங்க சைட்ல ஒரு நம்பர் போட்டிருக்கும், கம்பெனி உள்ளுக்குள்ள வேற ஒரு கேம்பெயின் நம்பர் வச்சிருக்கும், டீலர் கம்ப்யூட்டர்ல தேடறது ரெண்டாவத. நான் அரசாங்க நம்பர சொல்லிட்டிருந்தேன், அவங்க இல்லன்னு சொல்லிட்டிருந்தாங்க, பொய் சொல்லல, நிஜமாவே அந்த நம்பர்ல தேடினா வராது. கம்பெனி கஸ்டமர் கேர்ல ரெண்டு நம்பரும் வாங்கினேன். ரெண்டாவது, அங்கயே ஒரு கம்ப்ளெய்ன்ட் திறக்க சொன்னேன், எந்த தேதி எந்த டீலர்கிட்ட போனேன் என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் எழுதி மெயில் போட்டேன். போன்ல பேசினது நிக்காது, எழுதினது நிக்கும். கஸ்டமர் கேர் அம்மா ரொம்ப நல்லவங்க, தானா இன்னொரு டீலருக்கு கூப்பிட்டு என்ன லைன்ல வச்சே பேசினாங்க. வண்டிய வாங்கின டீலர்கிட்டதான் போகணும்னு இல்ல, அந்த பிராண்டோட டீலர் யார்கிட்ட வேணாலும் கேக்கலாம், அதுவும் அவங்க சொல்லித்தான் எனக்கு தெரிஞ்சுது.

மூணாவது விஷயம் எல்லாத்தையும் விட உதவினது. மூணாவது டீலர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேக்கறதுக்கு முன்னாடி நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு போனேன். அங்க இருந்த பெரியவர் விஐஎன்ன அடிச்சு, ரெண்டு நிமிஷம் ஸ்க்ரீன பாத்துட்டு, "பார்ட் இருக்கு தம்பி, ஏன் இல்லன்னாங்க? ஆர்டர் போட்டா ஆறேழு வாரம் ஆகும்"னார். அங்கயே என் விஐஎன் பேர்ல ஆர்டர் போட்டு ஆர்டர் நம்பர ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்தார். ஆறேழு வாரம்னது ஒம்போது வாரம் ஆச்சு, ஆனா வந்துச்சு. வந்தப்பறம்தான் தேதி வாங்கினேன். ஆரம்பத்துல இருந்து கணக்கு பாத்தா அஞ்சு மாசம்.

இதுக்கு நடுவுல அந்த அஞ்சு மாசமும் முன் சீட்டுல யாரையும் உக்கார வைக்கல. அம்மாவுக்கு முட்டி வலி, பின்னாடி ஏறி உக்கார கஷ்டம், ஆனாலும் காரணத்த சொன்னப்பறம் ஒரு வார்த்த சொல்லாம பின்னாடி ஏறினாங்க.

வேல நடந்த அன்னிக்கு, பாக்கலாமான்னு கேட்டேன், சர்வீஸ் அட்வைசர் கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாக்க விட்டார். மொதல்ல பேட்டரிய கழட்டிட்டு சும்மா காத்திருந்தாங்க, ஏன்னு கேட்டதுக்கு ஏர்பேக் சர்க்யூட்ல மிச்சம் நிக்கற கரண்ட் இறங்கணும், இல்லன்னா கழட்டும்போதே வெடிக்க வாய்ப்பிருக்குன்னு சொன்னார். அப்பறம் குளோவ் பாக்ஸ கழட்டினாங்க, உள்ள மஞ்சள் கலர்ல ஒரு கனெக்டர், ஏர்பேக் வயருக்குன்னே தனி கலர். பழசு வெளிய வந்தப்ப பாத்தேன், கைக்குள்ள அடங்கற இரும்பு டப்பா, ஓரத்துல லேசா துரு. அவ்ளோ சின்னது. அத குப்பைல போடல, தனி பெட்டில வச்சு கம்பெனிக்கே திருப்பி அனுப்பறதுக்கு எடுத்து வச்சாங்க. ஸ்லைடிங் டோர் லாட்ச் வேல முக்கா மணி நேரத்துல முடிஞ்சுது. எங்க வண்டில டோர் பாக்க மூடின மாதிரி இருக்கும், ஆனா லாட்ச் மொத கட்டத்துலயே நின்னுடும், ரெண்டாவது கட்டம் பிடிக்காது. குழந்தைங்க சரியா மூடலன்னு நான் எத்தனையோ தடவ அவங்கள திட்டியிருக்கேன், தப்பு அவங்க மேல இல்ல.

ஜாப் கார்டுல கையெழுத்து போடும்போது ஏர்பேக், டோர் ரெண்டோட கேம்பெயின் நம்பரும் எழுதியிருக்கா, தொகை சைபரான்னு பாத்துட்டுதான் போட்டேன். பத்து நாள் கழிச்சு திரும்ப விஐஎன் போட்டு பாத்தேன், டோர் முடிஞ்சதுன்னு மாறியிருந்துச்சு, ஏர்பேக் மாறல. டீலர் கம்ப்யூட்டர்ல ஏத்த மறந்திருக்காங்க. பில்ல காட்டினப்பறம் மறுநாளே மாறிடுச்சு. இத கட்டாயம் பாருங்க, அங்க மாறலன்னா வண்டிய விக்கும்போது வாங்கறவங்களுக்கு பெண்டிங்னுதான் தெரியும்.

இந்த ரெண்டு வருஷத்துல டோர் ஒரு தடவ கூட தகராறு பண்ணல, மூடும்போது டக்குனு ஒரு அழுத்தமான சத்தம் வருது, அத கேக்கறதே எனக்கு நிம்மதியா இருக்கு. ஏர்பேக் லைட் எரியல. ஒரே குறை, குளோவ் பாக்ஸ் கிளிப் ஒண்ணு அன்னிக்கு ஒடஞ்சிருக்கு, மேடு பள்ளத்துல கடகடன்னுது, திரும்ப போய் சொன்னேன், புது கிளிப் போட்டுக் குடுத்தாங்க, காசு கேக்கல. மூணாவது ரீகால், ஏபிஎஸ் யூனிட்ல ஷார்ட் ஆகி நிறுத்தி வச்ச வண்டிலயே தீ பிடிக்கலாம்ங்கறது, அதுக்கு அப்ப மாத்து பார்ட் ரெடியாகல, வீட்ட ஒட்டி நிறுத்தாதீங்கன்னு மட்டும் சொன்னாங்க. பதினோரு மாசம் ராத்திரியானா வேன வெட்டவெளிலதான் விட்டேன். அப்பறம் ரெடியானதும் அதே மூணாவது டீலர்கிட்ட போனேன், ஃபியூஸ மாத்தினாங்க, நாப்பது நிமிஷம். அம்மா இப்ப முன் சீட்டுலதான் வராங்க.

இப்ப சித்தப்பா வண்டி. அதே மாடல், எங்களுத விட ஒரு வருஷம் பழசு. போன மாசம் அவர் விஐஎன்ன போட்டு பாத்தேன், அதுலயும் ஏர்பேக் பெண்டிங். அவர் ஏற்கனவே ஒரு டீலர்கிட்ட கேட்டு, பார்ட்ஸ் வராதுன்னு சொன்னத நம்பி விட்டிருக்கார். நேரா பார்ட்ஸ் கவுண்டர் பெரியவர்கிட்ட கூட்டிட்டு போனேன். ஆர்டர் நம்பர் சீட்டு இப்ப சித்தப்பா பர்ஸ்ல இருக்கு, சித்தி பின் சீட்டுல வராங்க.