என்எஃப்எஸ் ஷேரை எஸ்இலினக்ஸ் தடுத்தால்: பூலியனா, கான்டெக்ஸ்ட் மவுண்டா, ஆடிட்2அலவ்வா?

என்எஃப்எஸ் (வேறொரு சர்வரின் கோப்புறையை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை) ஷேர் மவுண்ட் ஆகிவிட்டது. ஷெல்லில் எல்எஸ் போட்டால் கோப்புகள் தெரிகின்றன. அப்பாச்சி வெப் சர்வர் மட்டும் 403 (அனுமதி இல்லை) காட்டுகிறது. ஃபெடோரா, ரெட் ஹாட் வகைச் சர்வர் என்றால் முதலில் 'ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசென்ட்' ஓட்டி, அண்மையில் பதிவான மறுப்புகளைப் பாருங்கள். எஸ்கான்டெக்ஸ்டில் (அணுகும் நிரலின் லேபிள்) ஹெச்டிடிபிடி_டி, டிகான்டெக்ஸ்டில் (அணுகப்படும் கோப்பின் லேபிள்) என்எஃப்எஸ்_டி வந்தால் தடுத்தது எஸ்இலினக்ஸ்தான்; லேபிளைப் பார்த்து எந்த நிரல் எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் லினக்ஸ் காவல் அமைப்பு அது. எதுவும் வராவிட்டால் யூஐடி (பயனர் எண்), கோப்பு அனுமதி, ரூட் ஸ்குவாஷ் (ரூட் பயனரை எதிர்முனை சர்வர் சாதாரணப் பயனராக நடத்துவது) ஆகியவற்றைப் பாருங்கள். 'ஆக்சஸ் டினைட் பை சர்வர்' என்று மவுண்டே விழுந்தால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனை சர்வரில், ஷேரை யாருக்குத் தருவது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில்; இங்கே எஸ்இலினக்ஸ் பாலிசியைத் தொட்டுப் பயனில்லை.

என்எஃப்எஸ்-இல் வரும் கோப்புகளுக்கு வழக்கமாக ஒரே லேபிள்: என்எஃப்எஸ்_டி. சம்பா ஷேருக்கு சிஐஎஃப்எஸ்_டி. லேபிள் மாற்றும் சிஹெச்கான் கட்டளையைப் போட்டு மாற்றப் போனால் 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று திரும்பும். (என்எஃப்எஸ் 4.2 பதிப்பில் சர்வர் 'செக்யூரிட்டி_லேபிள்' தந்து ஏற்றுமதி செய்திருந்தால் கதை வேறு.)

பலரும் முதலில் எடுப்பது பூலியன் (பாலிசியில் ஏற்கனவே உள்ள ஆன்/ஆஃப் ஸ்விட்ச்): 'செட்செபூல் -பி ஹெச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் ஆன்'. பி பெரிய எழுத்து. அதை விட்டால் ரீபூட்டில் பழைய நிலைக்குப் போய்விடும். ஷேரை அன்மவுண்ட் செய்ய வேண்டாம் என்பது இதன் வசதி. ஆனால் அந்த மெஷினில் உள்ள என்எஃப்எஸ்_டி லேபிள் கொண்ட எல்லா ஷேரும், பேக்கப் ஷேர் உட்பட, வெப் சர்வருக்குத் திறந்துவிடும், எழுதுவதற்கும் சேர்த்து. அதன்பின் காவல் கோப்பு அனுமதி மட்டும்தான்.

ஷேர் வெப்புக்கு மட்டும் என்றால் கான்டெக்ஸ்ட் மவுண்ட், அதாவது மவுண்ட் செய்யும்போதே லேபிளைக் குறிப்பிடுவது, அதுதான் சரி. எஃப்ஸ்டேப் (மவுண்ட் பட்டியல் கோப்பு) வரியில் 'கான்டெக்ஸ்ட்=சிஸ்டம்_யு:ஆப்ஜெக்ட்_ஆர்:ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி:எஸ்0' சேருங்கள். அப்லோட் கோப்புறை என்றால் 'ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யு_கன்டென்ட்_டி'. எஃப்டிபி, ஆர்சிங்க்கும் படிக்க வேண்டுமென்றால் 'பப்ளிக்_கன்டென்ட்_டி'. ரீமவுண்ட் செய்து லேபிளை மாற்ற முடியாது. அன்மவுண்ட் செய்துதான் மறுபடி ஏற்ற வேண்டும். இன்னொரு பொறி: ஒரே எக்ஸ்போர்ட்டின் இரண்டு உள்கோப்புறைகளை வெவ்வேறு கான்டெக்ஸ்டில் ஏற்றினால் இரண்டாவது விழும். டிமெசேஜில் (கர்னல் செய்திப் பதிவு) 'சேம் சூப்பர்பிளாக், டிஃபரன்ட் செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்ற வரி கிடக்கும். இரண்டு மவுண்டிலும் 'நோஷேர்கேஷ்' சேர்த்தால் தீரும்.

மறுப்புப் பதிவுகளிலிருந்து அனுமதி விதி எழுதித் தரும் கருவியான ஆடிட்2அலவ்வை இந்த இடத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது எழுதித் தரும் விதி ஹெச்டிடிபிடி_டி-க்கு என்எஃப்எஸ்_டி-யைத் திறப்பதுதான். பூலியன் செய்யும் அதே வேலை, ஆனால் பூலியன்களைக் காட்டும் கெட்செபூலில் தெரியாத ஒரு பாலிசி மாட்யூலில் ஒளிந்துகொண்டு. பூலியனே போதும் என்றால் ஆடிட்2அலவ் வெளியீட்டிலேயே '#' குறியிட்ட வரியில் அந்தப் பெயர் வரும். அந்த வரியைப் படிக்காமல் '-எம்' போட்டு மாட்யூல் கட்டுகிறார்கள். கெட்ஆட்டர் அனுமதியைத் திறந்தால் ரீட் தடுக்கும், அதைத் திறந்தால் ஓப்பன், அப்புறம் ரைட் என்று நாலைந்து மாட்யூல் சேர்ந்துவிடும். பூலியனும் பொருத்தமான லேபிளும் இல்லாத, நீங்களே எழுதிய டீமனுக்கு (பின்னணியில் ஓடும் நிரல்) மட்டும் இந்த வழி.

'செட்என்ஃபோர்ஸ் 0' முழு மெஷினின் காவலையும் இறக்கிவிடும். சோதனைக்குக்கூட அது வேண்டாம். 'செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ ஹெச்டிடிபிடி_டி' போட்டு அந்த ஒரு டொமைனை மட்டும் தளர்த்துங்கள். எல்லா மறுப்பும் ஒரே ஓட்டத்தில் பதிவாகும். வேலை முடிந்ததும் அதே கட்டளையை '-டி' உடன் ஓட்டி இறுக்கிவிடுங்கள்.