வேலூர்ப் பெண்கள் கவனத்துக்கு: ‘பெல்விக் ஃப்ளோர் ஸ்பெஷல்’ பேக்கேஜில் பணம் கட்டும் முன் படியுங்கள்

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இருப்பவர்கள், அதிலும் குழந்தை பெற்றுச் சில மாதமே ஆனவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். இங்கே ஒரு ஜிம்மில் ‘பிரசவத்துக்குப் பின் பெல்விக் ஃப்ளோர் ஸ்பெஷல் பிடி’, அதாவது இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான தனிப் பயிற்சி என்று 24,000 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, இருந்த பிரச்சினை அங்கே போன பிறகுதான் பெரிதானது. புகார் போய்க்கொண்டிருப்பதால் ஜிம் பெயரை இப்போது போடவில்லை.

எனக்கு இருந்ததை நேராகவே சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், இருமினால், படியில் வேகமாக இறங்கினால் சிறுநீர் கசியும். படுத்து எழுந்திருக்கும்போது வயிற்றின் நடுவில் நீளமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் ‘30 நாளில் சரியாகும், கியாரண்டி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். டிரெய்னரும் பெண்தான், சுவர் நிறைய சர்டிபிகேட். அதில் இந்த விஷயத்துக்கென்று இருந்தது ஒரு வாரக் கடைசியில் ஆன்லைனில் முடித்த வகுப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

சேர்ந்த அன்றைக்கு எடை பார்த்தார், டேப் வைத்து அளந்தார், வயிற்றைப் போட்டோ எடுத்தார். சுகப்பிரசவமா, தையல் போட்டார்களா, கீழே ஏதோ இறங்குவது மாதிரி கனமாக இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, ஒன்றுமே கேட்கவில்லை. நேராக கிரஞ்சஸ், ஜம்பிங் ஜாக், ஸ்கிப்பிங், அப்புறம் பார்பெல் தோளில் வைத்து ஸ்குவாட், அதுவும் “மூச்ச புடிச்சுக்கிட்டு எழுந்திருங்க அக்கா” என்று. குதிக்கும்போது கசிகிறது என்று சொன்னேன். “புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் அக்கா, பேட் வெச்சுக்கிட்டு வாங்க, கசியுதுன்னா தசை வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே. அது சுத்தப் பொய். பெல்விக் ஃப்ளோர் என்பது முன்னால் இருக்கும் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் போகும் தசைகள், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் கீழிருந்து தாங்குகிறது. மூச்சைப் பிடித்து முக்கினால் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் அதன் மேலும் இறங்கும். கசிந்தால் அந்தச் சுமையை அந்தத் தசை தாங்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக அது அப்படியே விட்டுவிட வேண்டிய விஷயமும் இல்லை.

வேலூர் மே மாத வெயிலில் ஜிம்முக்குப் போகும் முன் தண்ணீரே குடிக்காமல் போவேன், கசியக் கூடாதே என்று. அங்கே வந்த இன்னும் இரண்டு பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். டிரெய்னருக்கும் தெரியும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பைக்கு எரிச்சல்தான் கூடும்.

பெல்ட் கதை தனி. 1,800 ரூபாய்க்கு இறுக்கமான இடுப்பு பெல்ட் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பச்சை உடம்பாக இருந்தபோது என் மாமியார் பழைய காட்டன் புடவையைக் கிழித்துக் காசில்லாமல் கட்டிவிட்டார், அதையாவது கட்டிக்கொண்டு படுத்துத்தான் இருந்தேன். இதை மாட்டிக்கொண்டு ஸ்குவாட் வேறு. கீழே கனம் கனமாக இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போனேன், அவர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் பெண்கள் நல பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். இந்தியா முழுக்க இருந்து வைத்தியத்துக்கென்று காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள், அந்த ஊரிலேயே இருக்கிற நமக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரிவதில்லை!

அந்த அம்மா முதலில் செய்தது கேள்வி கேட்டதுதான். பரிசோதனை செய்யலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றாலும் பரவாயில்லை என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தார். ஜிம்மில் எல்லாருக்கும் ஒரே கணக்காகத் தினமும் 100 கெகல், அதாவது அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சி, கொடுத்திருந்தார்கள், பாத்ரூமில் சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லியும் இருந்தார்கள். அப்படிப் பாதியில் நிறுத்துவதை வழக்கமான பயிற்சியாகச் செய்யவே கூடாதாம். கெகல் என்பது 1948-ல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகலின் பெயரில் வந்தது, நல்ல பயிற்சிதான், ஆனால் சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப்போய்த் தளர்த்தத் தெரியாமல் இருக்கும், அவர்களுக்கு மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். யாருக்கு எது என்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலில், இந்த மாதிரிக் கசிவுக்கு ஒருவர் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம், தினமும் 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 தடவை அந்தத் தசையை இறுக்கிப் பழக வேண்டும் என்று இருக்கிறது. அப்படியிருக்க 30 நாள் கியாரண்டி எங்கிருந்து வந்தது?

இதைப் படித்துவிட்டு ‘பெண்கள் வெயிட் தூக்கவே கூடாது’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த பிசியோ என்னைத் தூக்காதே என்று சொல்லவில்லை. எடையைக் குறைத்து, எழும்போது மூச்சை வெளியே விட்டுத் தூக்கச் சொன்னார், குதிப்பதையும் கிரஞ்சஸையும் கொஞ்ச காலம் தள்ளி வைத்தார். இப்போது வீட்டில் டம்பெல் வைத்து ஸ்குவாட் செய்கிறேன், தும்மினால் பயமில்லை. ஒழுங்கான டிரெய்னராக இருந்தால் முதல் கசிவிலேயே ‘இது என் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்க’ என்று அனுப்பியிருப்பார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிசியோதெரபிக்கு 2021-ல் வந்த மத்திய சட்டம் இருப்பது போல ஜிம் டிரெய்னருக்கு எதுவும் கிடையாது, ஸ்பெஷலிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம்.

இன்னொன்று, என் வயிற்றுப் போட்டோவை ‘பிஃபோர்’ என்று இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள், முகம் இல்லை, ஆனால் மச்சத்தைப் பார்த்து என் நாத்தனாரே கண்டுபிடித்துவிட்டார். எழுத்தில் அனுமதி எங்கே என்று கேட்ட பிறகுதான் நீக்கினார்கள்.

பணம் இன்னும் வரவில்லை. பில்லில் ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். அதே பேட்ச்சில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம். பில் தொலைந்திருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், அந்த 30 நாள் விளம்பரத்தையும் அழிப்பதற்குள் சேமித்துவிடுங்கள்.