கைப்பணத்தைக் கொட்டுவதா, கடனைக் கூட்டுவதா?

சென்னைப் புறநகரில் பழைய ஃப்ளாட் ஒன்றைப் பேசி முடித்தபோது வீட்டில் இரண்டு கட்சி. சேமிப்பை மொத்தமாகப் போட்டுக் கடனைக் குறைத்துவிடலாம் என்பது ஒன்று. வங்கி தருகிற வரைக்கும் வாங்கிக்கொண்டு, கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. நாங்கள் போனது இரண்டாவது வழியில். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு கிடைக்கும் என்பது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 75 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. இது தெரிந்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது வேல்யுவர் (வங்கிக்காக வீட்டை மதிப்பிடுபவர்) விஷயத்தில். விலை 70 லட்சம், வேல்யுவர் எழுதியது 66 லட்சம் என்றால் வங்கி குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். அதில் 80 சதவீதம் என்றால் கடன் 52.8 லட்சம், நீங்கள் போட வேண்டியது 17.2 லட்சம். பத்திரச் செலவுக்குக் கடன் கிடையாது. தமிழ்நாட்டில் பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 70 லட்சத்துக்கு 6.3 லட்சம். புரோக்கர் கமிஷனையும் சேர்த்தால் 24 லட்சம் ஆகிவிடும். (பில்டரிடம் நேரே வாங்கும் புது ஃப்ளாட்டுக்குப் பதிவுச் செலவு இதைவிடக் குறைவு.) விற்பவர் 'கொஞ்சம் கேஷாகக் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துப் போடலாம்' என்பார். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். பத்திரத்தில் குறைந்தால் கடனும் குறையும், அந்தப் பள்ளத்தையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்தது சம்பளம். கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் எல்லா ஈஎம்ஐக்கும் என்று பல வங்கிகள் கணக்கு வைக்கின்றன. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய். 90,000 சம்பளக்காரருக்குக் கடன் 52 லட்சத்தை ஒட்டி வரும். அவருக்கே 9,000 ரூபாய் கார் ஈஎம்ஐ ஓடினால் பத்து லட்சம் போய்விடும். சின்னக் கடன்களை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

சரி, இப்போது ஒப்பீடு. கணக்கை மட்டும் பார்த்தால் முதல் கட்சிக்குத்தான் வெற்றி. 12 லட்சத்தைக் கூடுதலாகக் கட்டினால் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். 20 வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 13 லட்சம் குறையும். அந்தப் பணத்தை எஃப்டியில் போட்டால் வரி போக வீட்டுக் கடன் வட்டிக்கு ஈடாகாது. வரிச்சலுகையையும் பெரிதாக நம்ப வேண்டாம். புதிய வரிமுறையில் நாம் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக்குக் கழிவு கிடையாது.

ஆனாலும் நான் ஏன் மாறவில்லை? கட்டிய பணம் திரும்பி வராது. தனிநபர் எடுக்கும் ஃப்ளோட்டிங் (அவ்வப்போது ஏறி இறங்கும்) வட்டிக் கடனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டி அடைக்கலாம், அபராதம் இல்லை. அதாவது இன்று கட்டாத 12 லட்சத்தை அடுத்த வருடமும் கட்டலாம். நடுவில் போவது ஒரு வருட வட்டி வித்தியாசம்தான். மாறாக, முழுவதையும் கட்டிவிட்டு ஆறாம் மாதம் வேலை போனால், அதே வங்கியிடம் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்க சம்பளச் சீட்டு வேண்டும். சம்பளமே இல்லாதவருக்கு யார் தருவார்கள்? பர்சனல் லோன் வட்டியைச் சொல்லவே வேண்டாம்.

எங்களுக்குப் பணம் கரைந்த இடங்களும் கண் முன்னால் நடந்தவை. பால்கனிக்குக் கிரில், சமையலறைக் கப்போர்டு, மாற்றியே தீர வேண்டிய பழைய வயரிங். எதற்கும் கடன் வாங்கவில்லை. மிஞ்சியதில் ஆறு மாத ஈஎம்ஐயைத் தனியாக வைத்துவிட்டு, பாக்கியைப் பார்ட் பேமெண்ட்டாக, அதாவது அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே, கட்டினோம். அப்போது வங்கியில் ஈஎம்ஐயைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது பலருக்கு ஈஎம்ஐ அப்படியே இருக்க, தவணைகள் மட்டும் வருடக்கணக்கில் நீண்டன. கையில் பணம் இருந்தவர்கள் கட்டிச் சுருக்கிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை: பணத்தைக் கண்டதும் செலவழிக்கிற வீடாக இருக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து என்று கரைந்துவிடும் என்றால் முதல் வழியே மேல். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் அப்படித்தான். ஓய்வு வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பதால் ஈஎம்ஐ எகிறிவிடும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வங்கி வருமான வரித் தாக்கலைப் பார்த்து முடிவு செய்யும். நான் சம்பளக்காரன், அந்தப் பக்கத்தை அனுபவித்துச் சொல்ல முடியாது.

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் ஒன்றும் இருக்கிறது. உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைக்கலாம், அதற்கு வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்தும் கொள்ளலாம். இரண்டு கட்சிக்கும் பொருந்துகிற ஏற்பாடு, ஆனால் வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும். நான் எடுத்ததில்லை, ஆபீஸ் நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், குறை சொல்லவில்லை.