ஒட்டு மாங்கன்று வாங்குகிறவர்கள் டேப்பை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 46,500 ரூபாய் போய்விட்டது. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் நத்தம் பக்கம், ஏழு ஏக்கர். எனக்கு விவசாயம் தெரியாது. சென்னையில் கணக்கு எழுதும் வேலை. தை மாதம் அப்பா தவறிய பிறகு, விற்றுவிடலாம் என்றுதான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பார்க்காட்டி நான் பார்த்துக்கறேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்து சேர்ந்தேன். விருப்பப்பட்டு வந்தவன் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை வைத்துத்தான் ஏமாற்றினார்கள்.

நாலு ஏக்கரில் செந்தூரம், கல்லாமை, காசாலட்டு என்று மாமரங்கள் நிற்கின்றன. மீதி மூன்று ஏக்கர் பொட்டல். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, கிணறும் வற்றி, அங்கே இருந்த மரங்கள் பட்டுப்போயின. அந்த இடத்தில் இமாம்பசந்த் ரக மா வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். 33 அடிக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு 40, மொத்தம் 120. சித்திரையில் மூன்றடிக் குழிகள் எடுத்து வெயிலில் ஆறப்போட்டேன். தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து மூடினேன். கொப்புளம் வராத விரல் இல்லை. ஆனால் 120 குழியும் வரிசையாகத் தெரிந்த அன்று, முதல்முறையாக இந்த மண் என்னுடையது என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் வீடியோ பார்க்கும் ஒரு செயலியில் அந்த நர்சரியின் விளம்பரம் வந்தது. பெயர் போடவில்லை. வெளியூர் நர்சரி, போனில் ஆர்டர் எடுத்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர்கள். பேசியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "தோட்டம் யாரு வச்சது தம்பி?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்பா ஆசைப்பட்ட இடத்துல வைக்கிற கன்னு, நானே நின்னு பொறுக்கி அனுப்புறேன்" என்றார். வீடியோ காலில் ஒவ்வொரு கன்றாகத் தூக்கிக் காட்டினார். அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்ட வெளியாள் அவர் ஒருவர்தான். அன்று ராத்திரியே கன்றுக்கு 350 வீதம் 42,000 ரூபாயை முழுசாக அனுப்பிவிட்டேன். கூட்டுறவு வங்கியில் அப்பா பேரில் இருந்த டெபாசிட் பணம் அது. வண்டி வாடகை 4,500 தனி.

போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார்: "ஒட்டுக் கட்டுன டேப்பை மட்டும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீங்க தம்பி. காத்துப் பட்டா ஒட்டு செத்துடும்." அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று அம்மா மஞ்சள் குங்குமம் வைத்து முதல் கன்றை நட்டார். பத்தே நாளில் இலை கொட்ட ஆரம்பித்தது. போன் செய்தேன். "வேர் பிடிக்கிற வரைக்கும் கொட்டும்" என்றார். அடுத்த வாரம் "தண்ணி அதிகமாயிடுச்சு" என்றார். குறைத்தேன். இன்னும் காய்ந்தது. "தண்ணி போதல" என்றார்!

நேற்று பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் போனவர் நின்றார். "என்ன மாப்ள, டேப்பை இன்னும் அவுக்கலயா? தண்டை இறுக்கிடுமே." நோட்டில் இருந்ததைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் மடியிலிருந்த கத்தியால் ஒரு டேப்பை அறுத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. தண்டு நேராக, வழுவழுப்பாக இருந்தது. பிளேடால் சாய்வாக ஒரு கீறல் மட்டும். "ஒட்டே கட்டல மாப்ள, கொட்டைக் கன்னு இது."

இருட்டும்வரை 120 டேப்பையும் அவிழ்த்தோம். 11தான் நிஜ ஒட்டு. எல்லாம் வண்டியிலிருந்து முதலில் இறக்கிய வரிசை. அப்படித்தான் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். 34 கன்று ஏற்கெனவே செத்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கினால் ஆணிவேர் பாதியில் அறுந்திருக்கிறது. பையில் வளர்ந்ததே இல்லை, எங்கேயோ பிடுங்கிச் சொருகியது.

என்னைப் போலத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டை போட்டு முளைத்த இமாம்பசந்த், தாய்மரம் மாதிரி காய்க்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் ஏதோ ஒரு நாட்டுக் கன்றின் தண்டைப் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகிக் கட்டுகிறார்கள். பிடித்த இடத்தில் தழும்பும் சின்னப் புடைப்பும் தெரியும். ஒட்டு மூன்று நாலு வருஷத்தில் காய்க்க ஆரம்பிக்கும். கொட்டைக் கன்றுக்கு அதைப்போல இரண்டு மடங்கு காத்திருந்து, கடைசியில் என்ன பழம் என்றே தெரியாமல் நிற்க வேண்டும். டேப்பைத் தொடாதே என்றால் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ராத்திரியே போன் போட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்து, "அவர் இப்ப இங்க வேலை பார்க்கலை சார்" என்றார். ஓனர் எங்கே என்றால் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். காலையில் வேறொருவர், "பில்லைப் பாருங்க, ஒட்டுன்னு எங்க போட்டிருக்கு?" என்றார். எடுத்துப் பார்த்தேன். "மாங்கன்று 120" என்றுதான் இருக்கிறது. 46,500 ரூபாய்க்கு இதுதான் பதிலா என்று கேட்டேன். கட் செய்துவிட்டார். இப்போது என் எண்ணிலிருந்து அழைப்பே போவதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. நாலு டேப்பையாவது அவிழ்த்துப் பாருங்கள், வண்டியின் அடியில் இருப்பதையும் சேர்த்து. பில்லில் ரகமும் "ஒட்டு" என்ற வார்த்தையும் இருக்கட்டும். முழுப் பணத்தை முன்னாடியே அனுப்பாதீர்கள். அரசு தோட்டக்கலைப் பண்ணை பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

பிழைத்த கன்றுகளைப் பிடுங்கி எறியலாம் என்று நினைத்தேன். மாமா வேண்டாம் என்கிறார். வேர் பிடித்து நிற்பதற்கு அடுத்த ஆடியில் தன் இமாம்பசந்த் மரத்துக் குச்சியை வெட்டி இருந்த இடத்திலேயே ஒட்டுக் கட்டித் தருகிறாராம். அம்மா காலையிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 46,500 என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.