கூட்டுச் சொத்தைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால்: ஹனஃபியும் ஷாஃபிஈயும்

ஒரு வீட்டில் இருவருக்குப் பாதிப் பாதி உரிமை. ஒருவர் தந்தை, இன்னொருவர் அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து வீட்டை அந்தத் தந்தையின் மகனுக்கே ஹிபாவாக (இஸ்லாமியச் சட்டப்படி கைமாறு எதிர்பார்க்காமல் தரும் கொடையாக) கொடுத்து, சுவாதீனத்தையும் ஒப்படைத்துவிட்டார்கள். சில வருடம் கழித்து இருவருக்குமே மனம் மாறுகிறது. யாரால் மீட்க முடியும்?

சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் தந்தையால் முடியாது. மணமுடிக்க விலக்கப்பட்ட அளவுக்கு நெருங்கிய இரத்த உறவுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். நண்பர் மீட்கலாம், மகன் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். இன்னொரு மரபான ஷாஃபிஈ சட்டத்தில் அப்படியே தலைகீழ்: சொத்து மகன் பெயரில் இருக்கும்வரை தந்தை மீட்கலாம், நண்பருக்கு அந்த உரிமையே இல்லை. ஒரே வீடு, ஒரே நாளில் கொடுத்தது, விடை மட்டும் நேரெதிர்.

நண்பருக்கும் ஹனஃபி சட்டம் வாசலை அகலமாகத் திறந்து வைக்கவில்லை. தடைகள் ஏழு, மாணவர்கள் மனப்பாடம் செய்ய ஏழு அரபு எழுத்துகளில் ஒரு சூத்திரமே உண்டு. சொத்தோடு ஒட்டிய வளர்ச்சி (காலி மனையில் வீடு எழும்புவது போல), கொடுத்தவர், பெற்றவர் இருவரில் ஒருவரின் மரணம், கைமாறாக ஏதாவது பெற்றது, சொத்து வேறொருவருக்குப் போனது, கணவன் மனைவி உறவு, நெருங்கிய இரத்த உறவு, பொருளின் அழிவு. இதில் ஒன்று வந்தாலும் கதை முடிந்தது. எதுவும் இல்லாவிட்டாலும், திருப்பிக் கேட்பது வெறுக்கத்தக்கது என்றே ஹனஃபி அறிஞர்கள் எழுதுகிறார்கள்.

சரி, நண்பர் தன் பாதியை மீட்டுவிட்டார். இப்போது மகனும் நண்பரும் பிரிபடாத பங்குதாரர்கள். இது ஹிபாவைக் கெடுக்காதா? கெடுக்காது, பிற்பாடு வரும் பிரிபடாமையால் ஹிபா முறியாது என்பது ஹனஃபி விதி. நுழையும்போதுதான் கெடுபிடி. பிரிக்கக்கூடிய சொத்தில் ஒருவர் தன் பிரிபடாத பங்கை (முஷா) மட்டும் தனியாகக் கொடுத்தால், பிரித்து ஒப்படைக்கும்வரை அது நிறைவடையாது. மகனுக்கே கொடுத்திருந்தாலும், "ஹிபா நிறைவடையவே இல்லை" என்று வாதாட தந்தைக்கு இங்கே ஒரு பின்வாசல் கிடைக்கிறது. ஷாஃபிஈ, மாலிக்கி, ஹன்பலி ஆகிய மற்ற மூன்று மரபுகளில் முஷா ஹிபா செல்லும், ஆகவே இந்த வாதத்துக்கு இடமில்லை.

இந்தியாவில் அந்தப் பின்வாசல் ரொம்பவே குறுகல். முன்னேறும் சமுதாயத்துக்கு முஷா கோட்பாடு சற்றும் பொருந்தாது, அதை மிகக் குறுக்கியே பொருத்த வேண்டும் என்று, பிரிட்டிஷ் இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1889-இல் சொல்லிவிட்டது. செல்லாத முஷா ஹிபாவானாலும் சுவாதீனம் கைமாறினால் சொத்தும் மாறிவிடும் என்றது அதே தீர்ப்பு.

எகிப்தின் 1948 சிவில் சட்டம் ஹனஃபித் தடைகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வியைச் சேர்த்தது: ஏன் திருப்பிக் கேட்கிறாய்? பெற்றவர் சம்மதிக்காவிட்டால், நன்றி மறந்த நடத்தை, கொடுத்தவரின் வறுமை போன்ற காரணம் காட்டினால்தான் நீதிமன்றம் அனுமதிக்கும். மனைவிக்குக் கொடுத்ததை விவாகரத்துக்குப் பிறகும் கேட்க முடியாது. ஈரான் சிவில் சட்டத்தில் உறவுத் தடை பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே; சகோதரனிடமும் மனைவியிடமும், மற்ற தடைகள் இல்லையென்றால், திருப்பிக் கேட்கலாம்.

எனக்குப் பிடித்தது எகிப்தின் வழி. நம் நண்பர் அங்கே வழக்குப் போட்டால், மனம் மாறிவிட்டது என்ற ஒன்றை மட்டும் சொல்லி ஜெயிக்க முடியாது.