பழைய சி10 பிக்கப்பில் புதிய தலைமுறை வி8: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் உள்ள 1971ஆம் ஆண்டு செவ்ரலே சி10 பிக்கப்பில் அதனுடன் பிறந்த 307 கன அங்குல வி8 இன்ஜினை இறக்கிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 1999 முதல் தன் டிரக்குகளில் பொருத்தி வந்த 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜினை ஏற்றி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஏழு ஆண்டுகளில் வண்டி ஏறக்குறைய 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் மரச்சாமான் ஏற்றியதும் உண்டு, ஒரே நாளில் 700 கிலோமீட்டர் கடந்ததும் உண்டு. இத்தகைய மாற்றத்தைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் புதிய இன்ஜின் முதன்முதலில் உறுமிய நாளோடு நின்றுவிடுகின்றன. அந்த நாளுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அறிய நான் அன்று மிகவும் விரும்பினேன். எழுதிவைத்தவர்கள் குறைவாக இருந்தார்கள். ஆகவே என் அனுபவத்தை விரிவாகவே பதிகிறேன்.

பழைய 307 கெட்டுப்போய் நின்றுவிடவில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் இரட்டைக் குழல் கார்புரேட்டரும் மூன்று கியர் கொண்ட டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுமாக அது பொறுமையாகத்தான் உழைத்தது. ஆனால் குளிர்காலக் காலைகளில் சோக்கை (கார்புரேட்டருக்கு வரும் காற்றைக் குறைக்கும் மூடியை) வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மலைப்பாதையில் உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, பெட்ரோல் கலவை அடர்த்தியாகி, புகைபோக்கியில் கருப்பு படிந்தது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்றுகளை எட்டிவிடும் என்பதால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு காதில் இரைச்சல் மிஞ்சும். வண்டியைக் கண்காட்சிப் பொருளாக வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. தினமும் ஓட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

எல்எம்7 இன்ஜினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் எளிமை. இரும்பு பிளாக், அலுமினிய சிலிண்டர் ஹெட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தரும் தனித்தனி காயில், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. 96 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் விட்டம்) 92 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) சேர்ந்து 5,328 கன சென்டிமீட்டர் கொள்ளளவைத் தருகின்றன. நான் எடுத்த ஆண்டின் இன்ஜின் 285 குதிரைத்திறன் உடையது. இந்த எண்ணைப் பழைய விளம்பரப் புத்தகங்களில் உள்ள எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதை இங்கே சொல்ல வேண்டும்: 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், முழு சைலன்சர் போன்றவை இல்லாமல் அளந்த மொத்தத் திறனை வெளியிட்டன, 1972இலிருந்துதான் வண்டியில் பொருத்திய நிலையில் கிடைக்கும் நிகரத் திறனை வெளியிடும் வழக்கம் பொதுவானது. பின்னாளில் வந்த, சில சிலிண்டர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி கொண்ட இன்ஜின்களும் கிடைத்தன. பழைய வண்டிக்குள் கூடுதல் பாகங்கள் வேண்டாம் என்று அவற்றை ஒதுக்கினேன்.

இன்ஜினோடு அதற்குரிய 4எல்60ஈ கியர்பாக்ஸையும் எடுத்தேன். வண்டியின் குணத்தை மாற்றியதில் பாதிப் பங்கு இந்தக் கியர்பாக்ஸுக்கு உண்டு. முதல் கியரின் விகிதம் பழையதில் 2.52, இதில் 3.06. நான்காவது கியர் 0.70. பின் அச்சின் 3.73 விகிதத்தை மாற்றாமலே, முன்பு 2,800 சுற்றுகளில் சென்ற அதே வேகத்தில் இப்போது 2,000க்குச் சற்றுக் கீழே சுழல்கிறது. பழையது லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது நெடுஞ்சாலையில் ஏழைத் தாண்டுகிறது. சுமை ஏற்றினால் ஆறுக்கு வந்துவிடும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்குபவர்கள் ஒரு முறை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செலவு திரும்பி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்ஜினை சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உட்கார வைப்பது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. பழைய மவுண்ட் இருந்த இடத்திலேயே பொருந்தும் இடைத்தகடுகளைப் பயன்படுத்தியதால் சட்டத்தில் புதிதாக ஒரு துளைகூட இடவில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைத்துச் சமன்படுத்தினோம். டிரக்கில் வந்த ஆயில் பேன் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) மிக ஆழமானது. அது முன்புறக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் என்பதால் ஆழம் குறைந்த பேனை மாட்ட வேண்டியிருந்தது. அங்குதான் நான் செய்த முதல் பெரிய தவறு நேர்ந்தது. பேன் மாறும்போது ஆயிலை உறிஞ்சும் குழாயும் மாறும். அந்தக் குழாய் ஆயில் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. அதைப் போதுமான ஆயில் தடவாமல் அழுத்திப் பொருத்தியதில் விளிம்பு நசுங்கிவிட்டது. குளிர்ந்த நிலையில் ஆயில் அழுத்தம் சரியாகவே காட்டியது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, சூடான இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) நிற்கும்போது முள் கீழே இறங்கி, வால்வுப் பக்கம் டிக்டிக் என்று ஒலி கேட்கத் தொடங்கியது. நல்ல வேளையாக உடனே நிறுத்திவிட்டேன். கைவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையத்துக்காக இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

பெட்ரோல் வழங்கும் முறைதான் என்னை அதிகம் படுத்தியது. கார்புரேட்டருக்கு ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) அழுத்தம் போதும். இந்த இன்ஜினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். இந்தத் தலைமுறை சி10 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பழைய டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு, சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு மின் பம்பைப் பொருத்தினால் போதும் என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். பம்பின் ரீங்காரம் கேபின் முழுவதும் கேட்டது. டேங்குக்குள் தடுப்புச் சுவர் இல்லாததால், கால் டேங்குக்குக் குறைந்த பெட்ரோலுடன் வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, இன்ஜின் தடுமாறும். கோடைப் பிற்பகலில் நெரிசலில் நின்றால் பம்ப் சூடேறி அழுத்தம் குறையும். கார்புரேட்டராக இருந்தால் அதன் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோல் ஒரு விநாடித் தடங்கலைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷன் முறையில் அந்தச் சேமிப்பு கிடையாது. மூன்றாம் ஆண்டில் மனம் மாறி, சுமைப் பெட்டிக்கு அடியில், சட்டத்தின் நடுவே, தடுப்புகளுடனும் உள்ளேயே பம்புடனும் ஒரு புதிய டேங்கை அமைத்தேன். பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது, சத்தமும் இல்லை. கேபினில் 50 ஆண்டுகளாகக் குடியிருந்த பெட்ரோல் வாடையும் போயிற்று. தலைக்குப் பின்னால் டேங்கை வைத்துக்கொண்டு என் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. இந்த வேலையைத் தொடங்குபவர்கள் டேங்கை முதல் நாளே மாற்றிவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அடுத்தது வயரிங். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்கு எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பு ஒன்றும், சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் இணைப்பு ஒன்றும் தேவை. இரண்டாவது இணைப்பை எடுக்கும் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். டாஷ்போர்டுக்குள் சாவியைத் திருப்பியதும் உயிர்பெற்ற ஒரு வயரைக் கண்டுபிடித்து அதில் இணைத்தேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பற்றவில்லை. வானொலிக்கும் ஹீட்டருக்கும் போகும் அத்தகைய வயர்களில், ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில விநாடிகளுக்கு மின்சாரம் தானாக நின்றுவிடும். கணினியும் அதனோடு அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் இன்ஜின் ஓடும்போதும், சாவியின் இந்த இரு நிலைகளிலும் மின்சாரம் அறாத இக்னிஷன் வயருக்கு மாற்றியதும் முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. கணினிக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பு நிரலையும் முன்கூட்டியே நீக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பற்றிய இன்ஜின் உடனே அணைந்துவிடும்.

எர்த் இணைப்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இரண்டாம் ஆண்டில் ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பமானியின் முள் ஏறியது. வைப்பர் ஓடினால் ஐடில் குலுங்கியது. சென்சார்களை ஒவ்வொன்றாகச் சந்தேகித்து இரண்டை வீணாக மாற்றினேன். கடைசியில் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்து கேபின் சுவருக்கு வர வேண்டிய எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை என்பது தெரிந்தது. பழைய வண்டிகளின் உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பரும் துருவும் பெயின்ட்டும் இருப்பதால், தடித்த கேபிளால் பேட்டரியையும் இன்ஜினையும் சட்டத்தையும் கேபினையும் நேரடியாகப் பிணைத்தாக வேண்டும். இன்ஜினோடு வந்த 105 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கும் புதிய தடித்த கேபிள் இழுத்தேன். பழைய வயர் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

ரேடியேட்டரை அலுமினியமாக மாற்றி, இரண்டு மின் விசிறிகளைக் கணினியின் கட்டளைக்கே விட்டுவிட்டேன். இந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டுகளிலிருந்து நீராவியும் காற்றும் வெளியேற ஒரு சிறு குழாய் வருகிறது. அது எதற்கென்று புரியாமல் முதலில் அடைத்துவைத்தேன். ஏற்றங்களில் வெப்பம் காரணமின்றித் தாவியது. அதை ரேடியேட்டரின் மேல்முனையோடு இணைத்த நாளிலிருந்து முள் அசைவதில்லை.

மீட்டர்களில் அதிகச் சிக்கல் இல்லை. அசல் டாஷ்போர்டை இழக்க மனமில்லாததால், மின் சமிக்ஞையைக் கேபிள் சுழற்சியாக மாற்றும் ஒரு பெட்டியை வைத்துப் பழைய ஸ்பீடோமீட்டரையே ஓட்டுகிறேன்.

பிரேக்கை இன்ஜினுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். 1971இல் இந்த வண்டிக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அதைத் தள்ளிப்போட்டேன். பழைய இன்ஜினின் மந்தத்துக்கு அது போதும். முந்திச் செல்லும் தெம்பு வண்டிக்கு வந்தபின், சுமையுடன் இறக்கத்தில் ஒரு முறை மிதித்தபோது கால் ஆழமாக இறங்கியது. அந்த வாரமே மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ரப்பர் குழாய்கள், பின்புற டிரம் என எல்லாவற்றையும் புதுப்பித்தேன். தேய்ந்த முன்புற சஸ்பென்ஷன் புஷ்களும் ஸ்டீயரிங் பெட்டியும் அதற்குப் பின்னால் வரிசையில் வந்தன.

நான்காம் ஆண்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து பி0332 என்ற குறியீடு வந்தது. இந்த இன்ஜினின் நாக் சென்சார்கள் (எரிதல் தட்டலை உணர்பவை) இரண்டும் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் நடுப்பள்ளத்தில் இருக்கின்றன. அழுத்த நீரால் இன்ஜினைக் கழுவும் என் பழக்கத்தால் பின் சென்சாரின் குழிக்குள் நீர் தேங்கித் துருப்பிடித்திருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி இரண்டு சென்சார்களையும் அவற்றின் வயரையும் மாற்றி, 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கி, பின் மூடியைச் சுற்றிச் சிலிக்கானால் ஒரு சிறு கரை கட்டினேன். இப்போது இன்ஜினை ஈரத்துணியால் மட்டுமே துடைக்கிறேன். இதைத் தவிர, ஆயில், ஃபில்டர், பெல்ட், பிளக் என்ற வழக்கமான பராமரிப்பே போதுமாயிருந்தது.

இழந்தது எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். சாலையோரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் கார்புரேட்டரைத் திருகி வீடு வந்து சேர்ந்த காலம் போய்விட்டது. இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கின் சுழற்சியை உணரும் சென்சார் செத்தால் வண்டி அங்கேயே நிற்கும். அதனால் ஒரு கிராங்க் சென்சாரும் பம்பின் ரிலேயும் எப்போதும் என்னோடு வருகின்றன. டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்திய சோதனைச் சாக்கெட்டில் கருவியைச் செருகினால் கோளாறு இருக்கும் இடத்தை இன்ஜினே சொல்லிவிடுகிறது என்பது ஆறுதல். இன்ஜினை மாற்றும் முன் பதிவு அலுவலகத்தில் புகை விதிகளையும் இன்ஜின் எண் மாற்றத்துக்கான நடைமுறையையும் கேட்டுக்கொள்வது அவசியம். இவை இடத்துக்கு இடம் வேறுபடும்.

பழைய 307ஐ விற்கவில்லை. சிலிண்டர்களுக்குள் ஆயில் ஊற்றி, துளைகளை மூடி, ஷெட்டில் மரச்சட்டத்தின் மேல் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிராங்கைக் கையால் சுற்றிவிடுகிறேன். எல்எம்7இல் இப்போதைக்கு எஞ்சியிருப்பது பின்புற மெயின் ஆயில் சீலிலிருந்து வரும் மெல்லிய கசிவு ஒன்றுதான். அடுத்த மாதம் கியர்பாக்ஸை இறக்கி அதை மாற்றப்போகிறேன். அப்போது கியர்பாக்ஸின் முன் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.